‘முன்னாடியே பார்த்திருக்கலாமே’ என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த விழிப்புணர்வுக் கட்டுரையைப் படித்தேன். ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் இது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும், கூச்சத்தால் தள்ளிப்போடக் கூடாது, தொடக்க நிலையிலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தவை அனைத்தும் உண்மையே. ஆனால், அந்தக் கட்டுரையை நோய் வராதவர்கள் மட்டும் படிப்பதில்லை. நோய் எலும்புக்குப் பரவிய பிறகே தெரியவந்தவர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். “உரிய நேரத்தில் பரிசோதித்திருந்தால் தப்பியிருக்கலாம்” என்ற வரியைப் படித்துவிட்டு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அக்கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. என் கணவர் அவ்வாறு தாமதமாக நோய் கண்டறியப்பட்டவர்களுள் ஒருவர். நோய்க்கு நிகராக ஆளை அரிக்கும் அந்த வருத்தத்தைப் பற்றியும், அதோடு ஒருவர் எப்படி வாழ்வது என்பதைப் பற்றியும் எழுதவே இக்கடிதம்.

நோய் உறுதியானதும் வீட்டில் அச்சம் குடியேறும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அச்சம் வந்தது, ஆனால், அதைவிட நீண்ட நாள் தங்கியது வருத்தம்தான். என் கணவர் தம்முடைய பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை எல்லாம் தேதி வாரியாக மேசைமேல் அடுக்கி, ஒவ்வொரு தாளிலும் விரலை ஓட்டி, சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின், ஹீமோகுளோபின் என்று வரி வரியாகக் கீழே இறங்கி, புராஸ்டேட் நோயைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் வரி எங்காவது தென்படுகிறதா என்று தேடுவார். எந்தத் தாளிலும் அது இல்லை. இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் மறுநாள் அதே கோப்பைத் திறப்பார். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்ததை வயதின் கோளாறு என்று விட்டது, இடுப்புவலிக்குத் தைலம் தடவிக்கொண்டே மாதங்களைக் கடத்தியது, வருடாந்திரப் பரிசோதனையை ஒருமுறை ரத்து செய்தது என ஒவ்வொன்றையும் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். மருந்து வேளாவேளைக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. மனிதர் மட்டும் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஏதோ ஒரு நாளில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருத்தத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அதன் வெளிப்பகுதியில் உருவாகின்றன. சிறுநீர்க் குழாயோ சுரப்பியின் நடுவே செல்கிறது. ஆகவே, நோய் சிறிதாக இருக்கும் காலத்தில் வலியோ அடைப்போ வேறெந்த அறிகுறியோ பொதுவாக இருப்பதில்லை. இரவில் அடிக்கடி எழ வைப்பதும், சிறுநீரைச் சொட்டுச் சொட்டாகப் போக வைப்பதும் பெரும்பாலும் வயதோடு வரும் சாதாரண வீக்கம்தான். அது புற்றுநோய் அன்று. அறிகுறியை அலட்சியம் செய்துவிட்டோம் என்று வருந்துகிறவர்களில் பலர், உண்மையில் வேறொரு தொல்லையின் அறிகுறியைத்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கியவர்களுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு போன்ற மருந்துகள் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். இதை அறிந்து கணக்கிட்டுப் பார்த்தால் மட்டுமே அந்த எண் சரியான பொருளைத் தரும். ஒரு சாதாரண மனிதர் இவற்றை எல்லாம் தாமாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்ப்பது?

பரிசோதனை விஷயத்தில் மருத்துவ உலகமே ஒரு குரலில் பேசவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அறிகுறி ஏதும் இல்லாத ஆண்கள் எல்லோருக்கும் பி.எஸ்.ஏ. பார்க்கலாமா என்பதை ஆராய்ந்த இரு பெரும் ஆய்வுகள் 2009-இல் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஐரோப்பிய நாடுகளில் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடையே நடந்த ஆய்வு, பரிசோதனையால் இந்த நோயின் இறப்பு சுமார் 20 விழுக்காடு குறைவதாகச் சொன்னது. அமெரிக்காவில் சுமார் 76,000 ஆண்களிடையே நடந்த ஆய்வோ குறைவு எதுவும் தெரியவில்லை என்றது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012-இல் எந்த வயதினருக்கும் இந்தப் பரிசோதனையைப் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே அறிவித்தது. தேவையற்ற திசுப் பரிசோதனை, ஒருபோதும் உயிருக்கு ஆபத்தாகியிருக்காத மெதுவான புற்றுநோய்களுக்கும் அறுவை சிகிச்சை, அதன் விளைவாகச் சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் இழந்து தவிப்பது ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். 2018-இல்தான், 55 முதல் 69 வயது வரையுள்ளவர்கள் மருத்துவருடன் நன்மை தீமைகளைப் பேசித் தாங்களே முடிவெடுக்கட்டும் என்று அந்தக் குழு தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஐரோப்பிய ஆய்வின் 23 ஆண்டுத் தொடர்கணிப்பு 2025-இல் வெளியானபோது, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒருவர் வீதம் இந்த நோயால் ஏற்படும் இறப்பு தவிர்க்கப்பட்டது தெரிந்தது. பலன் உண்டு என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது; ஆனால், அது தெளிவாக இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வல்லுநர்களே வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில் தாம் ஒரு முடிவுக்கு வராமல் இருந்ததற்காக என் கணவர் தம்மைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த விவரங்களை ஒரு தாளில் தேதியோடு எழுதி, அந்தக் கோப்பிலேயே முதல் பக்கமாக வைத்தேன்.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு, நோயின் தீவிரத்தைக் குறிக்கும் கிளீசன் மதிப்பெண் பத்துக்கு 9 கொண்ட தீவிரமான புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய நிலையில் இருப்பதாக 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அவருக்குக் கடைசியாக பி.எஸ்.ஏ. பார்த்தது 2014-இல் என்று அவர் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. உலகின் மிகச் சிறந்த மருத்துவர்களைப் பக்கத்திலேயே வைத்திருந்தவருக்கும் அப்படி நேர்ந்தது. ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்ற பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹாய், தோள்வலியை உடற்பயிற்சியில் ஏற்பட்ட பிடிப்பு என்றுதான் நினைத்திருந்தார். அந்த வலிக்கு மூலம் புராஸ்டேட்டில் இருந்த நோய் என்று தெரிந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தம் குடும்பத்தில் தாத்தாவுக்கும் தந்தைக்கும் இந்நோய் இருந்ததை அவர் வெளிப்படையாகப் பேசி, குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே பரிசோதனை வேண்டும் என்று இன்று வலியுறுத்தி வருகிறார். இவர்கள் யாரும் தம் உடலைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் அல்லர்.

இதற்கு மேல் மனத்தின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரு நிகழ்ச்சியின் முடிவைத் தெரிந்துகொண்டவர்கள், அந்த முடிவைத் தாங்கள் முன்பே ஊகித்திருக்க முடியும் என்று மிகையாக நம்புகிறார்கள் என்பதை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இலேயே ஆய்வின் மூலம் காட்டினார். என் கணவருக்கு இன்று இடுப்புவலி என்றால் எலும்பில் பரவிய நோய் என்று பொருள். அன்று அது வெறும் இடுப்புவலி. அந்த வலியோடு அவரைப் பார்த்த மருத்துவரும் அதை முதுகெலும்புத் தேய்மானம் என்றே கருதிச் சிகிச்சை தந்தார். இன்றைய அறிவை அன்றைய மனிதரின் தலையில் ஏற்றி வைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பதில் நேர்மை இல்லை.

ஆனால், இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வருந்துகிறவரைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லக் கூடாது. “எப்போது பார்த்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்”, “எல்லாம் தலையெழுத்து” என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னபோது என் கணவரின் முகம் இறுகுவதைக் கண்டிருக்கிறேன். முன்பே தெரிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அதை மறுப்பது அவருடைய அறிவை அவமதிப்பதாகும். ஒருநாள் அவரே மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டார்: “ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நான் பிழைச்சிருப்பேனா, டாக்டர்?” மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, “தெரியாது. எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வந்திருப்பது வேகமாகப் பரவும் வகை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அது பரவ ஆரம்பிச்சிருக்கலாம், ஆரம்பிக்காமலும் இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இப்போது எந்த வழியும் இல்லை” என்றார். எங்களுக்குக் கிடைத்த எல்லா ஆறுதல்களையும்விட அந்த ‘தெரியாது’ தான் பயன்பட்டது. தாம் வாழ்ந்திருக்கக்கூடிய இன்னொரு வாழ்க்கையைத் தெளிவான படமாக மனத்தில் வைத்துக்கொண்டு அதையே இழந்ததாக அழுதுகொண்டிருந்தவருக்கு, அந்தப் படமே ஒரு ஊகம்தான் என்பது அன்று உறைத்தது. முன்கூட்டியே கண்டறிந்தவர்கள் நீண்ட காலம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கணக்குகளில்கூட, நோயை அறிந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவதால் ஆயுள் நீண்டதுபோல் தோன்றும் பிழையும் கலந்திருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி இந்தக் கேள்வியைக் கேட்கும்போது “அதையெல்லாம் இப்போது நினைக்காதீர்கள்” என்று கடந்துபோகாதீர்கள். கேட்கத் துணிந்தவருக்கு உண்மையான பதில் கொடுங்கள்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயாளியின் அருகே உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “ஏன் அண்ணே, கொஞ்சம் முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா?” என்று கேட்காதவர்கள் மிகச் சிலரே. கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அடுத்தவருக்கு நேர்ந்ததற்கு அவருடைய ஏதோ ஒரு தவறுதான் காரணம் என்று உறுதிசெய்துகொண்டால், தமக்கு அது நேராது என்று ஒரு தைரியம் வருகிறது. அதற்காகவே மனம் அப்படிக் கேட்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால், அவர்கள் எழுந்து போன பிறகு அந்தக் கேள்வியோடு இரவு முழுவதும் விழித்திருப்பவர் நோயாளிதான். மனைவியிடம் தனியே வந்து “நீயாவது கூட்டிட்டுப் போயிருக்கலாமே, அக்கா” என்பவர்களும் உண்டு. வருகிறவர்களுக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லையானால், அடுத்த ஊசி எப்போது, யார் கூட வருகிறார்கள் என்று கேட்கலாம். துணைக்கு வர முடியும் என்றால் அதையும் சொல்லலாம். அன்றைய நாளைப் பற்றிப் பேசினால் போதும்.

இந்த வருத்தத்தில் ஒரு பகுதி மருந்தினாலும் வரக்கூடும் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும். பரவிய நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரானைக் குறைப்பதுதான். அதனால் திடீர் திடீரென உடல் கொதிப்பு, வியர்வை, தசை மெலிவு, எலும்புத் தேய்வு, ஓயாத களைப்பு, தாம்பத்திய நாட்டம் இல்லாமற்போதல் ஆகியவற்றோடு மனச்சோர்வும் ஏற்படலாம். ஊசி போடத் தொடங்கிய பின் என் கணவர் சின்னச் சின்ன விஷயத்துக்கும் கண்கலங்கியபோது, குற்ற உணர்வு முற்றிவிட்டது என்றே நாங்கள் எண்ணினோம். செவிலியர் ஒருவர்தான், ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் ஆண்களிடம் இது பரவலாகக் காணப்படுவது என்றும், மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தயங்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். நாள்தோறும் நடைப்பயிற்சியும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் களைப்பைக் குறைக்கும் என்று அவர் சொன்னது எங்கள் அனுபவத்தில் உண்மையாயிற்று. தூக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, வாழ்வில் பிடிப்பின்மை ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை தேவை. வருத்தப்படுவது இயல்புதானே என்று விட்டுவிடக் கூடாது.

என் கணவரின் மனம் திரும்பத் தொடங்கியது தம்பியோடு பேசிய நாளில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. பி.ஆர்.சி.ஏ.2 போன்ற மரபணு மாற்றம் குடும்பத்தில் இருந்தால் ஆண்களுக்கு இந்நோயும், பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களும் வரும் அபாயம் கூடுகிறது. அதனால்தான் பரவிய நிலையில் உள்ள நோயாளிகளுக்கு மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. இதை மருத்துவர் விளக்கியபோது, நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். என் கணவர் வேண்டாம் என்றார். அன்று மாலை தாமே தொலைபேசியை எடுத்து, வழக்கமான நலம் விசாரிப்புகள்கூட இல்லாமல், “தம்பி, நாளைக்கு வெறும் வயித்தோட போய் ரத்தம் கொடுக்கணும்னு இல்ல, சாப்பிட்டே போகலாம். பி.எஸ்.ஏ.ன்னு சொல்லி எழுதிக் கொடு. ரிசல்ட் வந்ததும் என்கிட்ட நம்பர் சொல்லு” என்றார். அந்தப் பக்கம் சாக்குப்போக்குகள் வந்தன போலும். எதிலும் இவர் இளகவில்லை. எண் வந்த நாளில் அதைக் கோப்பின் அட்டையில் உட்புறமாகக் குறித்து வைத்தார். பிறகு மகன்களிடம், எந்த வயதில் அவர்கள் தொடங்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுச் சொன்னார். மகளிடமும் மரபணு விஷயத்தைத் தாமே பேசினார். அந்தக் கோப்பை அவர் இப்போதும் திறக்கிறார். பெரும்பாலும் புதிய தாளைச் சேர்ப்பதற்காக.

வருத்தம் முற்றிலும் போய்விட்டது என்று எழுத மாட்டேன். சில காலைகளில் அது திரும்பி வருகிறது. குறிப்பாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களில் வருகிறது. ஆலோசகர் சொன்னபடி, அதை அடக்க முயலாமல், அன்று என்ன தோன்றுகிறதோ அதை என்னிடம் வாய்விட்டுச் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. கேட்டு முடித்ததும் இருவரும் நடக்கப் போகிறோம்.

தாமதமாகத் தெரிந்தது என்றால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்தையும் தங்களைப் போன்ற நாளிதழ்கள் திருத்த முடியும். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் பரவிய நோயும் பின்வாங்கும் என்பதை சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் நிறுவினார். 1966-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். நெடுங்காலம் அது ஒன்றே வழியாக இருந்தது. 2004-இல் டோசிடாக்சல் என்ற மருந்து ஆயுளை நீட்டிக்கும் என உறுதியாயிற்று. அதன் பின் அபிராடிரோன், என்சலூட்டமைடு போன்றவை வந்தன. ஒன்று தோற்ற பின் மற்றொன்று என்றிருந்த முறை மாறி, தொடக்கத்திலேயே இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் கடந்த பத்தாண்டுகளில் நிலைபெற்றது. பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா மித்தரானுக்கு, பதவியேற்ற 1981-ஆம் ஆண்டிலேயே எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அவர் இரண்டு முழுப் பதவிக்காலங்களை முடித்து, 1996 ஜனவரியில் மறைந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. பலருக்கு நோய் மருந்தைச் சில ஆண்டுகளில் மீறிவிடுகிறது. ஆனால், எத்தனை காலம் என்பதை நோய் கண்டறிந்த நாளிலேயே யாரும் எழுதி வைத்துவிட முடியாது என்பதற்கு அவர் சான்று.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இப்படியொரு விழிப்புணர்வுக் கட்டுரை வெளியிடும்போது, ஏற்கெனவே தாமதமாக நோய் தெரியவந்தவர்களுக்காக ஒரு பெட்டிச் செய்தியைச் சேர்த்து வெளியிடுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், ஹார்மோன் சிகிச்சையில் எலும்பையும் மனத்தையும் காக்கும் வழிகள், மரபணுப் பரிசோதனை, யாரை எல்லாம் எச்சரிக்க வேண்டும் ஆகியவை அதில் இடம்பெறட்டும். இவற்றோடு ஒன்றைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்: எலும்புக்கு நோய் பரவியவருக்குப் புதிதாகக் கடும் முதுகுவலி வந்து, கால்கள் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழந்தாலோ, அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி, அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், மறுநாள் வரை காத்திருந்தால் நடக்கும் திறன் நிரந்தரமாகப் போய்விடலாம். தங்கள் மருத்துவச் செய்தியாளர் விரும்பினால் என் கணவர் அவரிடம் பேசத் தயாராக இருக்கிறார். பெயரை மட்டும் வெளியிட வேண்டாம் என்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி